பழைய கலிராட்டாவில் கால் மணி நேரம்

மெல்போர்ன், ப்ரன்ஸ்விக்
14 அக்டோபர் 1985

டியமந்தினாவுக்கு,

ஈஸ்டருக்கு ஒரு அட்டை, கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை என்று இருந்தவள் நடுவில் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசி வரை பயந்துகொண்டே படிப்பாய்.

எங்கள் தெருவில் ஃப்ரோசோ என்று ஒருத்தி இருக்கிறாள். அவளும் கிரேக்கக்காரிதான், தெசலோனிக்கி ஊர். இந்த வருஷம் புருஷனோடு ஊருக்குப் போனவள், எல்லாரும் போகிறார்களே என்று நம் கெஃபலோனியாத் தீவுக்கும் ஒரு வாரம் போயிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஃபோட்டோக்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மிர்ட்டோஸ் கடற்கரை, மெலிசானி குகைக்குள் படகில் இவள், ஃபிஸ்கார்டோவில் மீன் தின்கிற இவள், மடத்து வாசலில் முக்காடு போட்ட இவள். நான் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் பாவ்லோஸ், டிராம் டூட்டிக்கு நேரமாச்சு என்று நைசாக எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு வேலையே கிடையாது.

அப்புறம் ஒரு படத்தை என் மடியில் வைத்தாள். "இதப் பாரு ரெங்கினா. இந்த எடத்துலதான் நான் அழுதுட்டேன். பூகம்பத்துல போன ஊராம். பஸ்ஸ நிறுத்தி அந்த கைடு அம்மா ஒரு கதை சொன்னா பாரு, ஜெர்மன்காரனெல்லாம் மூக்கச் சிந்துறான்."

வாசல் நிலை மட்டும் நிற்கிறது. உள்ளே அத்திமரம். நிலைக்குப் பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண், ஒரு கையைக் கல்லின் மேல் வைத்தபடி. நீ.

"அவளோட அம்மாவே அங்கதான் செத்தாளாம். புனிதர் படத்த எடுக்கத் திரும்ப உள்ள போனாளாம், வீடு விழுந்துருச்சாம். எனக்கு இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துது. கிட்டப் போயி கிரேக்க பாஷையில கேட்டேன். 'பஸ்ல ஏறுங்கம்மா, நேரமாச்சு'ன்னுட்டா."

அது என் அக்கா என்று நான் ஃப்ரோசோவிடம் சொல்லவில்லை. நல்ல படம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

பதினொரு வருஷம், முதலில் ஒரே கூடாரத்தில், அப்புறம் ஒரே தகர வீட்டில் இருந்தோம். அம்மா எப்படிப் போனாள் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ என்னிடம் வாய் திறந்ததுண்டா? நான் கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போவாய். இப்போது ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் டிக்கெட் வாங்கினவனுக்கெல்லாம் சொல்கிறாய். குகைக்கும் ஒயின் கடைக்கும் நடுவில் நம் அம்மாவை நிறுத்தி விற்கிறாய்.

எனக்கு ஏன் சொல்லவில்லை? வேறொன்றும் கேட்கவில்லை.

ரெங்கினா

~

அர்கோஸ்டோலி
9 நவம்பர் 1985

அன்புள்ள ரெங்கினா,

உன் கடிதம் வந்த அன்று மழை. பருவம் முடிந்துவிட்டது. எங்கள் முதலாளி பனாயிஸ் பஸ்களைக் கழுவிக் கொட்டகையில் ஏற்றிவிட்டான். ஹோட்டல்கள் கதவடைத்துவிட்டன, துறைமுகத்தில் பூனைகளும் நாங்களும்தான். ஆகவே உன் கடிதத்தைப் படிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. விற்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். சரி.

நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்துகொள். காலையில் லாசி கடற்கரை ஹோட்டல்களில் ஆட்களை ஏற்றுவோம். பஸ் ஓட்டுகிறவர் யெராசிமோஸ். நம் புனிதரின் பெயராச்சே, நம் தீவில் அதைச் சத்தமாகக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும், அதனால் இவரைப் பொடியன் யெராசிமோஸ் என்போம், ஐம்பத்தெட்டு வயசாகிறது. முதலில் மடம். கால்சட்டை குட்டையாகப் போட்டவர்களுக்கு நான் பாவாடைத் துணி சுற்றிவிட வேண்டும். அப்புறம் ட்ரோகராட்டி குகை. அங்கே யாராவது பாட வேண்டும் என்று கேட்பேன், எப்போதும் ஒரு கூச்சப்படாத ஆள் கிடைப்பான். மெலிசானிக்கு உச்சி வெயிலில் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் கூரையின் ஓட்டை வழியாக வெளிச்சம் இறங்கித் தண்ணீர் நீலமாக எரியும். கொஞ்சம் பிந்தினாலும் அது வெறும் கிணறு. ட்ரோகராட்டிக்கும் மெலிசானிக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் மிஞ்சும். அந்த நேரத்துக்காகத்தான் பனாயிஸ் பழைய கலிராட்டாவைச் சேர்த்தான். கால் மணி நேரம். கழிப்பறை கிடையாது.

முதல் இரண்டு வருஷம் நான் ஒன்றும் சொன்னதில்லை. "பழைய ஊர், பூகம்பம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, பாம்பு இருக்கும், பார்த்து நடக்கவும்." அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் வயதான ஓர் ஆங்கிலேயப் பெண், நடக்க முடியாதவள், பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள். "உங்க வீடும் இங்கயா இருந்துது?" என்று கேட்டாள். "அதோ, அந்த நிலை தெரியுதே அது" என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவள் அடுத்ததைக் கேட்டாள். அதற்கும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு ஆங்கிலம் எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்காது. பூகம்பத்துக்கு மறுநாள் கப்பலில் வந்த மாலுமிகளிடம். தண்ணீர், மெதுவாக, தள்ளி நில், எத்தனை பேர். அந்தச் சொற்களோடு தொடங்கின பாஷை அது. பிறகு ஹோட்டலில் படுக்கை விரிக்கப் போனபோது தலையணை, துண்டு, காலை வணக்கம். அதில் எனக்கு அழத் தெரியாது, ரெங்கினா. அம்மா என்று கிரேக்கத்தில் சொன்னால் அழுகை வந்து பேச்சு நின்றுவிடுகிறது. அவர்களுடைய சொல்லைச் சொன்னால் அது யாரோ ஒரு பெண். அந்த யாரோ ஒருத்தியைப் பற்றி என்னால் பேச முடிகிறது. உன் ஃப்ரோசோ வந்து கிரேக்கத்தில் கேட்டாள், நான் எப்படிச் சொல்வேன்?

நீ கேட்டதற்கு இதுதான் பதில் என்று வைத்துக்கொள். உன் மகள் ஸ்டெல்லாவுக்கு ஒரு பின்னல் மேல்சட்டை அனுப்புகிறேன். அங்கே இப்போது வெயில் காலம் என்பதை மறந்து பின்னிவிட்டேன்.

உன் அக்கா
டியமந்தினா

~

மெல்போர்ன்
20 டிசம்பர் 1985

அக்காவுக்கு,

மேல்சட்டை வந்தது. ஸ்டெல்லா அதைப் போட்டுக்கொண்டு நாற்பது டிகிரி வெயிலில் கண்ணாடி முன்னால் நின்றாள். அவள் வளர்ந்துவிட்டாள், கை கொஞ்சம் குட்டை. ஆனால் கழற்ற மாட்டேன் என்றாள்.

உன் கடிதத்தை மூன்று நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். கோபம் கொஞ்சம் இறங்கியது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. புனிதர் படத்தை எடுக்க அம்மா உள்ளே போனாள் என்று நீ சொல்வதாக ஃப்ரோசோ சொன்னாளே, அந்தப் படம் அப்போது வீட்டுக்குள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் தடவை பூமி ஆடியதுமே அம்மா அதைக் கொண்டுவந்து ஒலிவ மரத்தில் கட்டிவிட்டாள். நாம் அதன் கீழேதான் படுத்தோம். புனிதரின் மூக்கின் மேல் எறும்பு ஊர்ந்தது, நான் சிரித்தேன், நீ என் வாயைப் பொத்தினாய்.

எனக்கு ஆறு வயசு, அக்கா. கைக்குழந்தை இல்லை.

அம்மா எதற்காக உள்ளே போனாள்?

ரெங்கினா

~

அர்கோஸ்டோலி
25 ஜனவரி 1986

அன்புள்ள ரெங்கினா,

இங்கே ஆயினோஸ் மலையில் பனி. தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. பொடியன் யெராசிமோஸுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, படுத்தபடியே எல்லாரையும் அதிகாரம் செய்கிறார்.

படத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது சுலபமாகப் புரிகிறது, அதனால் அப்படிச் சொல்கிறேன். அம்மா ரொட்டி எடுக்கப் போனாள். முந்தின நாள் சுட்டது அடுப்பு மேடையில் இருந்தது. நமக்குப் பசி.

இவ்வளவுதான் விஷயம். இதைக் கிளறிக்கொண்டே இருக்காதே. பாவ்லோஸுக்கு என் அன்பு.

டியமந்தினா

~

மெல்போர்ன்
17 பிப்ரவரி 1986

அக்கா,

ஒரு தடவை படம், ஒரு தடவை ரொட்டி. இன்னொரு கடிதம் போட்டால் ஆட்டுக்குட்டி என்பாயா?

நீ சொல்ல மாட்டாய். நானே எழுதுகிறேன்.

என் செருப்பு. அப்பா கப்பலிலிருந்து கடைசித் தடவை வந்தபோது ஜெனோவாவிலிருந்து வாங்கி வந்த பழுப்புச் செருப்பு, பக்கத்தில் கொக்கி வைத்தது. புதன்கிழமை காலையில் வெயில் ஏறிவிட்டது, மரத்தடியில் எங்கும் காய்ந்த முள். நான் செருப்பு வேணும் என்று அழுதேன். "இப்ப உள்ள போகக்கூடாதுடி" என்று அம்மா சொன்னாள். நான் நிறுத்தவில்லை. தரையில் உட்கார்ந்து காலை உதைத்து அழுதேன். அம்மா, "சனியன் விடாது, ஒரு நொடி, இதோ வந்துடறேன்" என்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எனக்கு அவள் முகம் நினைவில்லை. அந்த முதுகுதான் நினைவிருக்கிறது.

இதை நான் பாவ்லோஸிடம் சொன்னதில்லை. பாதிரியாரிடம் சொன்னதில்லை. கறுப்பு நூலைக் கோத்துக்கொண்டு சட்டைக் காலர் தைக்கும்போது, கல்யாண வீட்டில், பஸ்ஸில், திடீரென்று காலை உதைத்து அழுகிற அந்தப் பிள்ளை வந்துவிடும். ஸ்டெல்லா சின்னவளாக இருந்தபோது எதற்காவது அடம் பிடித்தால் நான் வேறு அறைக்குப் போய் நிற்பேன். கல் நெஞ்சுக்காரி என்று மாமியார் சொன்னாள்.

அன்றைக்கு முழுக்க நீ என்னைத் தூக்கி வைத்திருந்தாய். அதுவும் நினைவிருக்கிறது. இறக்கிவிடவே இல்லை. உன் விரல் என் தொடையில் பதிந்து வலித்தது. கோபத்தில் இப்படி இறுக்குகிறாய் என்று நினைத்தேன். அதற்கப்புறம் பதினொரு வருஷம் நீ எனக்குச் சோறு போட்டாய், தலை வாரினாய், பள்ளிக்கூடம் அனுப்பினாய், ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கிறாளே, அவ்வளவு வெறுப்பா என்று நினைத்தேன். பாவ்லோஸின் ஃபோட்டோ வந்தபோது ஏன் உடனே சரி என்றேன் என்று தெரியுமா? ஆள் பிடித்தா? ஃபோட்டோவில் அவர் காது மட்டும்தான் தெளிவாக இருந்தது. உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க இதைவிடத் தூரமான ஊர் எனக்குக் கிடைக்கவில்லை.

ஃப்ரோசோ புனிதர் படம் என்று சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? என்னைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டாய் என்றிருந்தது. நல்லதற்கா கெட்டதற்கா என்றுதான் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் முதல் கடிதம் எழுதினேன். கேட்கத் தைரியமில்லாமல் திட்டிவிட்டேன்.

இப்போது நீ எழுது.

உன்
ரெங்கினா

~

மெல்போர்ன்
11 ஜூன் 1986

அக்கா,

ஈஸ்டர் போயிற்று. அட்டைகூட வரவில்லை. என் கடிதம் கிடைத்ததா? உனக்கு உடம்பு சரியில்லையா? கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி போடு. அதைத் தாங்கிக்கொள்வேன். இதைத் தாங்க முடியவில்லை.

ரெ.

~

அர்கோஸ்டோலி
12 அக்டோபர் 1986

என் ரெங்கினா,

உன் கடிதம் மார்ச்சிலேயே வந்தது. நான் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் கிரேக்கத்தில் எழுத வேண்டியிருந்தது.

ஏப்ரல் கடைசியில் முதல் பஸ் புறப்பட்டது. பழைய கலிராட்டாவில் இறங்கினோம். நான் நிலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வழக்கம்போல வட்டமாகக் கூடிவிட்டார்கள். வாயைத் திறந்தேன், ஆங்கிலத்திலும் வரவில்லை. நீ உட்கார்ந்து காலை உதைத்த இடத்தில் ஓர் ஆள் பையை வைத்துவிட்டுக் கேமராவில் ஃபிலிம் சுருள் மாற்றிக்கொண்டிருந்தான். "பூகம்பம், ஐம்பத்து மூன்று, படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். "என்ன டியமந்தினா, மைக்கு கெட்டுப்போச்சா?" என்றார் யெராசிமோஸ். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக் கொடுத்தார். நான் சிகரெட் பிடிக்கிறவள் இல்லை. பிடித்தேன்.

பனாயிஸிடம் போய் அந்த நிறுத்தத்தை எடுத்துவிடு என்று கேட்டேன். "அத எடுத்துட்டா என்னக்கா மிச்சம்? குகை எல்லா ஊர்லயும் இருக்கு. கடற்கரை கேக்கவே வேணாம். திரும்பிப் போனவங்க அந்த வாசலப் பத்தித்தான் சொல்றாங்க, அதக் கேட்டுத்தான் அடுத்தவன் வர்றான்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. நான் வேலையை விட்டுவிட்டேன். இப்போது மெலிசானியில் படகுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறேன். பட்ராஸிலிருந்து லேனா என்று ஒரு பெண்ணைக் கைடாகப் போட்டிருக்கிறான்.

ரெங்கினா, உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கடவுள் சத்தியமாகத் தெரியாது. சின்னப் பிள்ளை, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறந்தது மறந்ததாகவே இருக்கட்டும் என்றுதான் வாயைக் கட்டினேன். ஆனால் ஊருக்குத் தெரியும். மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நீ வளர வளர எனக்குப் பயம். என்றைக்காவது குழாயடிச் சண்டையில் எவளாவது, 'செருப்புக்காக அம்மாவைத் தின்னவதானே' என்று உன் மூஞ்சியில் எறிந்துவிடுவாள். மெல்போர்னிலிருந்து அந்த ஃபோட்டோ வந்தபோது, அங்கே இந்தக் கதை தெரிந்த ஒரு வாயும் கிடையாது என்று ஒன்றைத்தான் நினைத்தேன். காது மட்டும் தெரிந்த ஆளுக்கு அதற்காகத்தான் உன்னைக் கொடுத்தேன். நீ என் முகத்துக்குப் பயந்து போனாய், நான் ஊர் வாய்க்குப் பயந்து அனுப்பினேன். கப்பல் புறப்பட்டபோது நீ திரும்பிப் பார்க்கவில்லை. என்னைவிட்டுப் போக அவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன்.

இன்னொன்று உனக்குத் தெரியாதது. எழுதுகிறேன்.

அம்மா உடனே போகவில்லை. தூசி அடங்கினதும் ஸ்பிரோஸ் மாமாவும் நானும் கல்லைப் பிரித்தோம். பெரிய உத்தரம் ஒன்று குறுக்கே விழுந்திருந்தது, அதை நாலு பேர் வந்தாலும் அசைக்க முடியாது. அதன் கீழேயிருந்து குரல் வந்தது. சாதாரணக் குரல். அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது போல.

"டியமந்தினா, சின்னவ எங்க?"

"இங்கதாம்மா இருக்கா. ஒண்ணும் ஆகல."

"வெறுங்காலோடயா நிக்கிறா?"

"ஆமாம்மா."

"தூக்கிக்கோடி. முள்ளு குத்தும்."

நான் வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போய், "தூக்கிட்டேம்மா" என்று சொன்னேன். அதற்குப் பதில் இல்லை.

அதனால்தான் இறக்கிவிடவில்லை. மறுநாள் கப்பல்காரர்கள் வரும்வரை. "ஆறு வயசுப் புள்ளய எவ்ளோ நேரம்டி தூக்குவ, எறக்கி விடு" என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பதினைந்து வயசு, கை மரத்துப் போய்விட்டது, அதனால்தான் அவ்வளவு இறுக்கிப் பிடித்தேன். கோபம் இல்லை. விழுந்துவிடுவாயோ என்றுதான்.

அம்மா உன்மேல் கோபத்தோடு போகவில்லை. அதை நான் முப்பத்து மூன்று வருஷமாகத் தெரிந்து வைத்திருக்கிறேன். உனக்குத்தான் அது வேண்டியிருந்தது. என்னிடம் வைத்துக்கொண்டு என்ன செய்தேன்?

டியமந்தினா

~

மெல்போர்ன்
9 நவம்பர் 1986

அக்கா,

படித்தேன்.

ஜூனில் வருகிறேன். ஸ்டெல்லாவும் வருவாள், அவளுக்குப் பத்தொன்பது ஆகிறது. பாவ்லோஸ், "போய்ட்டு வா, நான் முட்டை பொரிச்சுத் தின்னுக்கறேன்" என்கிறார். உன் வீட்டில்தான் தங்குவோம்.

ரெங்கினா

~

மெல்போர்ன்
19 ஜூலை 1987

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ஸ்டெல்லா தோல் உரிந்துகொண்டிருக்கிறாள். நீ கட்டிக்கொடுத்த பாதாம் இனிப்பைச் சுங்கத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டு நாள் இருந்தோம், பேச வந்ததைப் பேசவில்லை. நீ எங்களை எங்கே கூட்டிக்கொண்டு போகவில்லை? மடம், குகை, கோட்டை, ஆமைகள் முட்டையிடுகிற மணல், திராட்சைத் தோட்டம். அஸோஸுக்கு இரண்டு தடவை. இறங்கின இடத்திலெல்லாம் நீ வரலாறு சொன்னாய், நானும் தலையாட்டினேன். அர்கோஸ்டோலி கரையில் கடல் தண்ணீர் பூமிக்குள் இறங்குகிற பொந்தைக் காட்டினாய், இது எங்கே வெளியே வரும் என்று ஸ்டெல்லா கேட்டாள், நீ சொல்லிக்கொண்டே போனாய். வெனிஸ்காரர்கள், துருக்கியர்கள், இத்தாலியர்கள் எல்லாரைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். ராத்திரி சாப்பிடும்போது, நாளைக்கு எங்கே என்று ஆரம்பிப்பாய். இருபத்து மூன்று வருஷம் கழித்துப் பார்த்த அக்காவும் தங்கையும் கைடும் பயணியுமாக இருந்துவிட்டு வந்தோம். உன்மேல் குற்றமில்லை. நீ நிறுத்திவிடுவாயோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும். பனாயிஸின் பஸ்ஸில் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். பழைய கலிராட்டாவில் நீ இறங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாய். திரும்பி வந்ததும், "எப்படிச் சொன்னா?" என்று கேட்டாய். "நல்லாத்தான் சொன்னா" என்றேன். அப்போது அதைத்தான் சொல்ல முடிந்தது.

அந்தப் பெண் லேனா, பாவம், நன்றாகத்தான் சொல்கிறாள். உன்னைப் போலவே கல்லின் மேல் கை வைக்கிறாள். புனிதர் படத்தை எடுக்க அம்மா உள்ளே ஓடினாள். படத்தை நெஞ்சோடு அணைத்தபடி கிடைத்தாள். படத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அது புதிதாகச் சேர்த்தது. அவளுடைய இரண்டு பெண்களும் பிழைத்துக்கொண்டார்கள், அமெரிக்காவுக்குப் போய்ப் பணக்காரர்கள் ஆனார்கள், வருஷா வருஷம் வந்து இங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். எல்லாரும் 'ஆ' என்று பெருமூச்சு விட்டார்கள். எனக்கும் அந்தப் பெண்களை நினைத்து நிம்மதியாக இருந்தது.

நான் நிலைக்குக் கிட்டே நின்றுகொண்டிருந்தேன். வயதான ஒருவர், மரியாதையான ஆள், தொப்பியைத் தொட்டுக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? வாசல் முழுசா வரணும்" என்றார். நான் தள்ளி நின்றேன்.

என்ன செய்திருக்க வேண்டும்? என் அம்மாவின் வாசல் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள், என்னையும் படம் பிடிப்பார்கள். தள்ளி நின்றதும் அவர் நன்றி சொன்னார்.

ஸ்டெல்லா அழுதாள். தன் பாட்டி கதை என்று அவளுக்குத் தெரியும், நம் ஊர் என்று சொல்லித்தானே கூட்டிவந்தேன். ஆனால் அவள் அழுதது படத்துக்காக. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அவ்ளோ பக்தியாம்மா பாட்டிக்கு?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. உன்னைப் போலவே நானும் செய்துவிட்டேன்.

உன்
ரெங்கினா

~

மெலிசானி
2 செப்டம்பர் 1987

என் ரெங்கினா,

டிக்கெட் சன்னலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் தாண்டிவிட்டது, இனி ஆட்கள் வர மாட்டார்கள்.

உன் கடிதம் வந்த வாரமே செவ்வாய்க்கிழமை லீவு கேட்டுக்கொண்டு பஸ்ஸில் போய் ஏறினேன். யெராசிமோஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். கலிராட்டாவில் எல்லாரும் இறங்கினதும் நானும் இறங்கினேன். லேனா சொல்லி முடிக்கும்வரை பின்னால் நின்றேன். அவள், ஏதாவது கேட்க வேண்டுமா என்று எல்லாரையும் பார்த்தாள். நான் முன்னால் போனேன்.

கிரேக்கத்தில் சொன்னேன். முதலிலிருந்து. முள், செருப்பு, அம்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினது, உத்தரம், அந்தக் குரல். லேனாவைப் பார்த்துத்தான் சொன்னேன். அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஊர்ப் பொம்பளை ஒருத்தி ஏதோ சண்டை போடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். முதலில் பார்த்தார்கள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக நிழலுக்குப் போய்விட்டார்கள். நான் நிறுத்தவில்லை. அழுதேன், அழுதபடியே சொன்னேன். நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, யெராசிமோஸ் வந்து தூக்கினார். அவருக்கும் அதே பூகம்பத்தில் இரண்டு அண்ணன்கள் போனார்கள். இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறோம், எனக்குத் தெரியாது. அவரும் அன்றைக்குத்தான் சொன்னார்.

கால் மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிட்டது. மெலிசானி வெளிச்சம் போய்விட்டது, ஆட்கள் முணுமுணுத்தார்கள். சாயங்காலம் பனாயிஸ் கத்தினான். "அம்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?" கத்திவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காருக்கா" என்றான்.

லேனாவுக்கு இருபத்திரண்டு வயசுதான். அழுது அழுது கண் வீங்கிவிட்டது. "நான் இனி என்னக்கா சொல்லட்டும்? நீங்க சொன்னதச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "இதுவரைக்கும் சொன்னதையே சொல்லு. அவங்களுக்கு அது போதும்."

அதை யோசித்துத்தான் சொன்னேன். அந்தப் பொய்யை உண்டாக்கினவள் நான்தான், அது அவர்களிடமே இருக்கட்டும். நடந்தது அவர்களுக்கு வேண்டியதில்லை.

ஆனால் ஸ்டெல்லாவுக்கு வேண்டும். அவளிடம் சொல், ரெங்கினா. ஆங்கிலத்தில் சொல்லாதே. அவளுக்குக் கிரேக்கம் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது, பார்த்தேன், பரவாயில்லை. அவளுக்குப் புரியாத சொல் வந்தால் நிறுத்தி, அது என்ன என்று சொல்லிக் கொடு, பிறகு மேலே போ. நீ அழுதால் அவள் காத்திருப்பாள். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். அங்கே யாருக்கும் பஸ் பிடிக்க வேண்டியதில்லை.

உன் அக்கா
டியமந்தினா